சிவகாசியில் ஒரு பகல் சாப்பாடு

பெண்ணின் கல்யாணம் தை மாதம் என்று நிச்சயமானதுமே என் கணவர் சொல்லிவிட்டார், "பத்திரிகை சிவகாசியில்தான் அடிக்கணும். நேரே போய் அட்டையைத் தொட்டுப் பார்த்துக் கொடுத்துட்டு வரலாம். நீயும் வா. உன் அண்ணனையும் பார்த்த மாதிரி ஆச்சு" என்று. அண்ணன் இருப்பது பக்கத்தில் விருதுநகரில். கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு நாள் திருச்சியில் ரயிலேறினோம்.

போனது என்னவோ பத்திரிகைக்காகத்தான். ஆனால் திரும்பி வந்த பிறகு என் நினைவில் நிற்பது ஒரு சந்துக்குள் இருந்த சின்னச் சாப்பாட்டுக் கடை. அதற்குப் பெயர்ப் பலகைகூடக் கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டிய நான், என் ஆயுளில் முதல் தடவையாகத் தன்னந்தனியாக ஒரு கடை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான். "இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று கேட்காதீர்கள். அன்றைக்கு அந்த இலையில் நான் கற்றுக்கொண்டதை இந்த வயதுக்குள் எனக்கு வேறு யாரும் சொல்லித் தந்ததில்லை.

விருதுநகரில் இறங்கியதும் முதலில் நம்மை வரவேற்பது தும்மல்! வற்றல் மிளகாய் மூட்டைகள் ஏறி இறங்கும் கடைத்தெரு அப்படி. மல்லி, துவரம் பருப்பு, உளுந்து, நல்லெண்ணெய், கடலை எண்ணெய் என்று நம் சமையலறை அலமாரியில் இருப்பதெல்லாம் இங்கே மூட்டையும் டின்னுமாகக் குவிந்து கிடக்கிறது. சுற்றிலும் மழை குறைந்த கரிசல் காடு. ஆனால் தமிழ்ப் பத்திரிகைகளில் "விருதுநகர் மார்க்கெட்" என்று தனியாக விலைப் பட்டியல் போடுகிற அளவுக்கு வியாபாரத்தில் பெயர் வாங்கிய ஊர். விருதுபட்டி என்று இருந்த பெயரை 1923-ல் விருதுநகர் என்று மாற்றினார்கள். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தைப் பிரித்து 1985-ல் காமராஜர் பெயரில் உண்டாக்கிய மாவட்டத்துக்கு இதுதான் தலைநகரம். இப்போது மாவட்டத்தின் பெயரும் விருதுநகர்தான்.

இந்த ஊருக்கு வந்துவிட்டு பரோட்டா சாப்பிடாமல் போகலாமா? விருதுநகர் பரோட்டா நம் ஊர் பரோட்டா மாதிரி இல்லை. நடுவில் குழிந்த கல்லில் எண்ணெயைத் தேக்கி, சின்னச் சின்னப் பரோட்டாக்களை அதில் போட்டுப் பொன்னிறமாகப் பொரித்து எடுக்கிறார்கள். பிய்த்துப் போட்டு மேலே சால்னாவை ஊற்றினால் மேலே மொறுமொறு, உள்ளே மெத்து. பர்மா கடை என்று ஒரு பழைய கடையின் பெயரை வெளியூர்க்காரர்கள்கூடச் சொல்லி விசாரிக்கிறார்கள்.

முதல் நாள் இரவு அண்ணன் ஒரு கடையிலிருந்து பார்சல் வாங்கி வந்தார். ஆண்களும் குழந்தைகளும் சுடச் சுட சாப்பிட்டார்கள். அப்புறம் சமையல்கட்டைத் துடைத்து, பாலைக் காய்ச்சி, பாய் விரித்து எல்லாம் முடித்து அண்ணியும் நானும் உட்கார்ந்தபோது பரோட்டா சால்னாவில் ஊறித் துவண்டு போயிருந்தது.

"ஏன் அண்ணி, கடைக்கே போய்ச் சுடச் சுட சாப்பிடலாமே?" என்றேன்.

"நல்லாச் சொன்னே போ! அந்தப் புகையில, அத்தனை ஆம்பிளைங்க நடுவுல போய் உட்காரவா? பிறந்ததுல இருந்து இந்த ஊர்ல இருக்கேன். பரோட்டான்னா எனக்கு ஊறினதுதான் தெரியும்" என்றார் அண்ணி, சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் காமராஜர் பிறந்த வீட்டைப் பார்க்கப் போனோம். இப்போது நினைவு இல்லமாக இருக்கிறது. நாலு பேர் நின்றால் நிறைந்துவிடும் போன்ற சிறிய வீடு. 1903-ல் இங்கே பிறந்த பிள்ளைதான் பிற்பாடு ஒன்பது வருஷம் இந்த மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தார். அவர் சிறு பிள்ளையாக இருக்கும்போதே தகப்பனார் இறந்துவிட்டார். தாயார் சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை வட்டிக்குப் போட்டு, வந்த வட்டியில் குடும்பம் நடத்தினார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் படித்திருக்கிறேன். அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோது எனக்கு அந்தத் தாயின் நினைவுதான் அதிகம் வந்தது.

அண்ணி ஒன்று சொன்னார். "அவர் படிச்ச பள்ளிக்கூடம் எதுல நடந்துச்சு தெரியுமா? பிடி அரிசியில!"

எனக்கு விளங்கவில்லை. அண்ணியே விளக்கினார். அந்தக் காலத்தில் இந்த ஊர் நாடார் சமூகத்தார் தங்கள் வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கு ஒதுக்கிப் பள்ளிக்கூடம், கோயில், பொதுக் காரியங்களுக்குச் செலவு செய்தார்கள். பெண்கள் பங்கு பிடி அரிசி. தினமும் உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை வீடு வீடாக வந்து வாங்கிப் போவார்கள். க்ஷத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளியில் சம்பளம் இல்லாமல் பிள்ளைகள் படித்தது அப்படித்தான். காமராஜர் படித்ததும் அங்கேதான்.

அப்படி ஊர்ப் பெண்களின் கைப்பிடி அரிசியில் படித்தவர், 1956-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டு வந்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டமும் தொடங்கியது. விருதுபட்டிப் பெண்கள் கலயத்தில் போட்ட அரிசி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்!

"எங்க ஆச்சி எதை மறந்தாலும் பிடி அரிசி எடுக்க மறக்க மாட்டாங்களாம். தான் சாப்பிடத்தான் மறந்துருவாங்களாம்" என்று அண்ணி சொன்னபோது மறுபடியும் சிரித்தோம்.

பத்து மணிக்குச் சிவகாசி பஸ். முக்கால் மணி நேரப் பிரயாணம். ஆமத்தூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் கருவேலமும் கரிசல் மண்ணும்தான். மழை பெய்திருந்ததால் அங்கங்கே பச்சை. தூரத்தில், ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன அறைகளாகக் கட்டிடங்கள் தெரிந்தன. பட்டாசுத் தொழிற்சாலைகள். ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றுக்குப் பரவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. வழியில் திருத்தங்கல். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்றான நின்ற நாராயணப் பெருமாள் கோயில் இங்கே இருக்கிறது. குன்றைப் பார்த்து பஸ்ஸிலிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். 2021-ல் சிவகாசி மாநகராட்சியானபோது திருத்தங்கலும் அதோடு சேர்ந்துவிட்டது.

மழையை நம்பிப் பயிர் செய்ய முடியாத பூமி இது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழில் வந்தது. அப்புறம் பட்டாசு. ஈரமில்லாத காற்று விவசாயத்துக்குச் சாபம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் காகிதத்துக்கும் வரம். "குட்டி ஜப்பான்" என்று செல்லப் பெயர் வந்ததே இதனால்தான். இந்த மூன்று தொழிலிலும் ஏராளமான பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

அச்சகத்தில் ஒரே பரபரப்பு. புது வருஷக் காலண்டர்கள் மலை மலையாகக் கிடந்தன. எங்கள் பத்திரிகை மாதிரியைப் போட்டுக் காட்ட மூன்று மணியாகும் என்றார்கள். என் கணவர் எழுத்துப் பிழை பார்க்கிறேன் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு டீயும் பன்னும் போதும். மணி பன்னிரண்டரை. எனக்கோ காலையில் ஒரு இட்லியோடு ஓடி வந்ததில் தலை லேசாகச் சுற்றியது.

அச்சகத்து அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "யம்மா, பின்னாடி சந்துல ஒரு அக்கா சாப்பாட்டுக் கடை இருக்கு. எங்க ஆபீஸ் பொம்பளைங்க எல்லாம் அங்கதான் சாப்பிடுவாங்க. பயப்படாமப் போய்ச் சாப்பிடுங்க" என்றார்.

தயங்கித் தயங்கித்தான் போனேன். வீட்டு முன்கூடத்தையே கடையாக்கியிருந்தார்கள். இரண்டு மேஜை, நாலு பெஞ்சு, சுவரோரம் ஒரு மண்பானைத் தண்ணீர், கை கழுவ வாளியும் சோப்பும். உள்ளே விறகடுப்பில் சோறு வடிந்துகொண்டிருந்தது. பெஞ்சில் ஏழெட்டுப் பெண்கள். எல்லோர் விரலிலும் பசையும் மையும். காலண்டருக்குத் தகரம் அடிக்கிறவர்கள், பைண்டிங் வேலைக்காரர்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"உக்காருங்கக்கா. வெளியூரா?"

"திருச்சி."

"அப்ப பத்திரிகை அடிக்க வந்திருப்பீங்க. மகளுக்கா?" எல்லோரும் ஒரே நேரத்தில் என் பெண்ணின் கல்யாணத்தில் இறங்கிவிட்டார்கள்!

இலை வந்தது. ஆவி பறக்கும் சோறு. துவரம் பருப்பும் நெய்யும் கிடையாது. கத்திரிக்காய் போட்ட காரமான பருப்புக் குழம்பு. முருங்கைக்கீரைத் துவட்டல், ரசம், மோர், ஒரு மோர் மிளகாய். கூடவே, சின்னச் சின்னதாய்ப் பச்சை நிறத்தில் ஒரு பொரியல். இந்தப் பக்கத்தில் தொட்டுக்கொள்வதற்கெல்லாம் வெஞ்சனம் என்று சொல்கிறார்கள்.

"இது என்ன காய்?"

"அதலைக்காய். திருச்சியில கிடைக்காதா? மழை பெஞ்சா எங்க கரிசக்காட்டுல தானா மொளைக்கும். யாரும் விதைக்கிறதில்ல."

பாகற்காயின் தங்கை என்று சொல்லலாம். கசப்பு உண்டு, ஆனால் முகம் சுளிக்க வைக்காத கசப்பு. கொடி காய்ந்து போனாலும் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்குமாம். மழை வந்ததும் மறுபடி தளிர்க்குமாம். ஐப்பசி, கார்த்திகையில்தான் சந்தைக்கு வரும். வாங்கிய அன்றே சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடித்துவிடும். ("பட்டாசு ஊர்க் காய்னா வெடிக்காம?" என்றாள் ஒரு பெண்.) செய்முறையும் கேட்டுக்கொண்டேன். காம்பையும் வாலையும் கிள்ளி, கழுவி, எண்ணெயில் கடுகு, வற்றல், நிறையச் சின்ன வெங்காயம் போட்டு வதக்கி, காயைப் போட்டுச் சிறு தீயில் சுருள வதக்க வேண்டும். உப்பு, கொஞ்சம் புளித்தண்ணீர், கடைசியில் தேங்காய்த் துருவல். குழந்தைகளுக்கு என்றால் ஒரு சிட்டிகை வெல்லம். அந்தப் பக்கம் போகிறவர்கள் பையில் கால் கிலோ போட்டுக்கொண்டு வாருங்கள்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். மற்றவர்களைவிட அதிக நேரம் கை கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண் எல்லாம் தேய்த்து மூன்று முறை சோப்புப் போட்டாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பழக்கம்க்கா. பன்னெண்டு வருஷம் பட்டாசு ஆபீஸ்ல இருந்தேன். அலுமினியப் பவுடர் கையில ஒட்டுச்சுன்னா வெள்ளி பூசுன மாதிரி இருக்கும். அதோட சோத்துல கைய வைக்கப்படாது. வேலையை விட்டும் கழுவுற பழக்கம் விடலை."

அவள் சொல்லச் சொல்ல நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். பட்டாசு வேலைக்கு நைலக்ஸ் மாதிரி சேலைகள் கட்டக் கூடாது; பருத்திதான். செயற்கை நூலில் உரசி உண்டாகும் சின்ன மின்பொறிகூட மருந்தைப் பற்ற வைத்துவிடும். மருந்து என்றால் அங்கே வெடி மருந்துதான். அறைக்குள் போகும் முன் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் அதில் இறங்கிவிடும். மருந்து அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் ஏறுவதற்குள் மருந்துக் கலவை வேலையை முடித்துவிட வேண்டும். இத்தனை விதிகளும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எல்லா இடத்திலும் எல்லா நாளும் கடைப்பிடித்தால் விபத்துச் செய்தியே வராது.

"நீ ஏன் வேலையை விட்டே?"

"2012-ல முதலிப்பட்டியில நடந்துச்சுல்ல, அதுக்கப்புறம் எங்க அத்தை போக விடலை. நான் அங்க வேலை பார்க்கலை. ஆனா தெரிஞ்சவங்க இருந்தாங்க." அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

அந்த செப்டம்பர் 5-ஆம் தேதி நமக்கெல்லாம் நினைவிருக்கும். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பலியானார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் மறுபடியும் இருபது பேருக்கு மேல். சுற்றுச்சூழல் கருதி 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது பல இடங்களில் வேலை குறைந்தது என்றும் அங்கே பேசிக்கொண்டார்கள். வேலை இருந்தால் பயம், இல்லாவிட்டால் பசி. கார்த்திகைக்குக் கொளுத்துகிற மத்தாப்பில் இத்தனை பெண்களின் கை இருக்கிறது என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

"காலையில பட்டாசு ஆபீஸுக்குப் போறப்ப வயித்துக்குச் சாப்பிடாமப் போகவே மாட்டேன்க்கா. பசி மயக்கத்துல கை நடுங்கி மருந்துத் தட்டு தவறிட்டா?" என்றாள் அவள்.

அவளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். எனக்கோ அது எல்லா வேலையும் முடிந்த பிறகு நேரமிருந்தால் செய்கிற காரியம்.

இதற்குள் கடைக்கார அக்கா ரசம் கொண்டு வந்தார். ஐம்பது வயது. சிவந்த கண்கள் புகையால் இன்னும் சிவந்திருந்தன. ஆனால் நடையில் அசதி இல்லை. அந்த வேகாத வெயிலில், அத்தனை அடுப்புச் சூட்டில், காலையிலிருந்து நின்றுகொண்டிருப்பவர் மாதிரியே தெரியவில்லை.

வழக்கமான உபசாரமாகத்தான் கேட்டேன். "எல்லோருக்கும் போடறீங்களே, நீங்க எப்போ சாப்பிடுவீங்க?" மூன்று மணி, நாலு மணி என்று பதில் வரும் என்று நினைத்தேன். நம் வீட்டுப் பதில் அதுதானே!

"நான் அப்பவே சாப்பிட்டாச்சே!" என்றார் அவர். "சோறு வடிச்சதும் காக்காய்க்கு ஒரு பிடி. அடுத்த பிடி எனக்கு. பதினொன்றரைக்கு உக்காந்து சாப்பிட்டு எந்திரிச்சப்புறம்தான் கடைக்கதவைத் திறப்பேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமைத்தவள் முதலில் சாப்பிடுவதா! என் மாமியார் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்!

அவருக்கு என் முகம் புரிந்துவிட்டது. என் எதிரே பெஞ்சு நுனியில் உட்கார்ந்துகொண்டார்.

"மொதல்ல நானும் எல்லாருக்கும் போட்டுட்டு மிச்சத்தைத்தான் திம்பேன். ஒரு நாள் கொதிக்கிற குழம்புச் சட்டிய இறக்கிட்டு இருக்கேன், கண்ணு இருட்டிருச்சு. நல்ல வேளை, சட்டி அந்தப் பக்கம் சாஞ்சுச்சு. ஆஸ்பத்திரியில ரத்தம் கம்மியா இருக்குன்னாங்க. அந்த டாக்டரம்மா கேட்டாங்க, 'ஊருக்கே சோறு போடுறியே, உனக்கு யாரு போடுவா?'ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. அன்னைக்கு வச்ச பழக்கம் இது. நான் விழுந்தா கடை விழுந்துரும். கடை விழுந்தா எம் பிள்ளைக விழுந்துரும்."

கொஞ்ச நேரம் கழித்து அவரே தொடர்ந்தார். "சின்னதுல தீப்பெட்டி ஒட்டுனவதான் நான். பத்து வயசுல பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்ட இருந்தாங்க. மத்தியானம் சத்துணவு போடுறாங்கன்னு எங்கம்மா இன்னும் ரெண்டு வருஷம் அனுப்புனாங்க. அந்த ரெண்டு வருஷப் படிப்புலதான் இன்னைக்குக் கணக்கு எழுதுறேன். ஒரு வேளைச் சோறு என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்க்கா. பிள்ளைக்குத் தெரிஞ்சது பொம்பளைக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?"

இலையில் இருந்த மோர்ச் சோறு மங்கலாகத் தெரிந்தது எனக்கு. விஷயம் இதுதான். போன வருஷம் எனக்கு ரத்தப் பரிசோதனை செய்தபோது ஹீமோகுளோபின் 9 என்று வந்தது. கல்யாண வேலையில் மாத்திரையையும் மறந்தேன், சாப்பாட்டையும் மறந்தேன். கடைசியாக எப்போது இப்படிச் சுடுசோற்றை, யாரோ ஒருவர் பரிமாற, உட்கார்ந்து சாப்பிட்டேன்? யோசித்துப் பார்த்தேன். இரண்டாவது பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது!

என் கதை மட்டும் இல்லை இது. 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. அதாவது உங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு மேல். மாதவிலக்கு, பிரசவம், பாலூட்டுதல் என்று நம் உடம்பிலிருந்து இரும்புச் சத்து போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே வருவதோ அடிச்சட்டி மிச்சம். கீரை முதல் பந்தியிலேயே தீர்ந்துவிடும். நமக்குக் குழம்புத் தெளிவும் ஊறுகாயும்.

அந்தக் கடை இலையில் இருந்ததை நினைத்துப் பாருங்கள்: முருங்கைக்கீரை, பருப்பு, காய், புளி ரசம். செலவு 60 ரூபாய். கீரையில் உள்ள இரும்பு உடம்பில் ஒட்ட வேண்டுமானால் எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்ற புளிப்பு கூட இருப்பது நல்லது. சாப்பிட்ட கையோடு காபி, டீ குடிப்பதை விட்டுவிட வேண்டும். அது இரும்பைச் சேர விடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். சோர்வும் மூச்சிரைப்பும் தலைச்சுற்றலும் இருந்தால் "வேலை அதிகம்" என்று நாமே முடிவு கட்டாமல் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் சொல்லவே வேண்டாம். உங்கள் தட்டில் இரண்டு உயிர் சாப்பிடுகிறது.

கைக்குழந்தையோடு பிரயாணம் போகிற தங்கைகளுக்கு இன்னொன்று. வெளியில் சாப்பிட நேர்ந்தால் பெரிய பலகையைப் பார்க்காதீர்கள். சோறு ஆவி பறக்கிறதா, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, பக்கத்தில் வேலை செய்கிற பெண்கள் அங்கே சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். முதல் பந்திக்கே போய்விடுங்கள். குழந்தைக்குக் கொதித்து ஆறிய தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

கிளம்பும்போது காசு கொடுத்துவிட்டு, "வரேன்க்கா" என்றேன். "கல்யாணப் பொண்ணுக்கும் சொல்லுங்க" என்றார் அவர். எதைச் சொல்ல என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

சாயங்காலம் விருதுநகர் திரும்பியதும் அண்ணியிடம் சொன்னேன், "அண்ணி, புடவை மாத்துங்க. இன்னிக்குப் பரோட்டா கடையில போய்தான்." அண்ணனும் என் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி என்னென்னவோ சாக்குச் சொன்னார். விடவில்லை நான். கடையில் ஓர் ஓரமாக மேஜை போட்டுக் கொடுத்தார்கள். எங்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் தட்டில்தான் கவனம். கல்லிலிருந்து எடுத்த பரோட்டா நேரே இலைக்கு வந்தது. அண்ணி ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். கடித்த சத்தம் எனக்கே கேட்டது.

"ஏட்டி, இது இப்படியா இருக்கும்!" என்றார், கண்ணை அகல விரித்து. ஐம்பத்தெட்டு வருஷமாக அந்த ஊரிலேயே இருப்பவர்! (எண்ணெய்ப் பதார்த்தம்தான். தினமும் கூடாது. ஆனால் ஆயுளில் ஒரு தடவையாவது சூடாகச் சாப்பிட வேண்டாமா?)

பத்திரிகைகள் அழகாக வந்துவிட்டன. திருச்சிக்கு வந்து பெண்ணிடம் முதல் பத்திரிகையைக் கொடுத்தபோது அந்தக் கடையின் கதையையும் சொன்னேன். "போகிற வீட்டில் எல்லோருக்கும் ஆசையாகப் போடு. காக்காய்க்கும் ஒரு பிடி வை. அடுத்த பிடி உனக்கு. இதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டாம், கூச்சப்படவும் வேண்டாம். தட்டை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்துவிடு" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அம்மா, மணி ரெண்டரை. நீ சாப்பிட்டியா?"

இல்லை! அன்றும் மறந்திருந்தேன். பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா? அவளே தட்டு வைத்துப் பரிமாறினாள். இப்போதெல்லாம் ஒரு மணி அடித்தால் என் கணவர் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்கிறார், "என்ன, சிவகாசி மணி அடிச்சாச்சா?" என்று. அடித்தாச்சு என்று சொல்லி இரண்டு தட்டாக எடுத்து வைக்கிறேன்.